முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்

"அக்கா, நம்ம பண்ணைக்குட்டையில சால்மன் மீன் வளக்கலாமா?"

கடந்த ஒரு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருமே திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகள். யாரோ ஒரு தரகர் செல்போனில் படம் காட்டியிருக்கிறார். சிவப்புச் சதை, பெரிய ஓட்டல், கிலோ ஆயிரக்கணக்கில் விலை. "குஞ்சுக்கு முன்பணம் கட்டுங்க, வளந்ததும் நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் நகையை அடகு வைக்கிற யோசனை வரைக்கும் போய்விட்டார்.

என்னிடம் ஏன் கேட்டார்கள் என்றால், ரமணாசிரமம் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவில் குளிர் மீனோடு குடும்பம் நடத்தியவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் நீலகிரியில் அவலாஞ்சி டிரவுட் மீன் பொரிப்பகத்தில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆன மறு வருஷம், 1994-ல் போனோம். 2002-ல் திரும்பினோம். அந்த எட்டு வருஷமும் மீன் முட்டைக்குப் பக்கத்திலேயே சமைத்து, தூங்கி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். டிரவுட் என்பது சால்மனுக்குப் பங்காளி. ஒரே குடும்பத்து மீன், ஒரே குணம். ஆகவே கேட்டவர்களுக்குச் சொன்னதை விவரமாக எழுதுகிறேன். முன்பணம் கட்டப் போகிற இன்னும் யாருக்காவது உபயோகப்படும்.

வெள்ளைக்காரர் வைத்த மீன்

அவலாஞ்சி ஊட்டியிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரம். முன்னொரு காலத்தில் நடந்த பெரிய மண்சரிவால் அந்த இடத்துக்கு அப்படிப் பெயர் வந்தது. சரிவைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லே ஊர்ப் பெயராக நின்றுவிட்டது.

டிரவுட் நம் நாட்டு மீன் இல்லை. நாங்கள் வளர்த்த வானவில் டிரவுட்டின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தூண்டில் போட்டு விளையாட அவர்கள் ஊர் மீன் வேண்டியிருந்தது. 1863-ல் பிரான்சிஸ் டே என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயன்று தோற்றார். அதன்பிறகும் பல முயற்சிகள் வீணாயின. கடைசியில் சென்னை மாகாண அரசில் மீன் நிபுணராக இருந்த எச்.சி.வில்சன், 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டினார். அங்கே பொரித்த குஞ்சுகளைத்தான் முக்குர்த்தி, எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி என்று மலைமேல் உள்ள அணைகளிலும் ஓடைகளிலும் விட்டார்கள்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அங்கே போன முதல் நாளே என் கை சொன்னது. தொட்டியில் கை விட்டேன். ஐஸ் டப்பாவுக்குள் விட்டது போல விரல் மரத்துவிட்டது. காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடைத் தண்ணீர் அது. வாய்க்கால் வழியாகத் தானாகவே பொரிப்பகத்துக்குள் வந்து, தொட்டி தொட்டியாக ஓடி, வெளியே போய்விடும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் அங்கே பொரிப்பகமே இல்லை.

தீபத்துக்கு வராத குடும்பம்

டிரவுட் வருஷத்துக்கு ஒருமுறைதான் சினை பிடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு குளிர் இறங்கினால் தாய்மீன் வயிறு உப்பத் தொடங்கும். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் முட்டை எடுக்கிற காலம்.

எங்கள் ஊரில் கார்த்திகை தீபம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வெளியூர் போனவர்கள் எல்லோரும் வீடு வந்து சேரும் நாள் அது. என் தங்கைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். எட்டு வருஷத்தில் ஒரு தீபத்துக்கும் நாங்கள் வரவில்லை. முட்டையை விட்டுவிட்டு வர முடியாது. ஒவ்வொரு வருஷமும் அம்மா கடிதத்தில், "இந்த வருஷமாவது வருவியா?" என்று ஒரு வரி எழுதியிருப்பார். நான் பதில் எழுதும்போது அந்த வரியை மட்டும் தொடாமல் விட்டுவிடுவேன்.

முட்டை எடுப்பது இப்படித்தான். பெண் மீனை ஈரத் துணியில் பிடித்து, வயிற்றைத் தலைப்பக்கமிருந்து வால் பக்கமாக மெதுவாக நீவுவார்கள். பழுத்த மீன் என்றால் முட்டை தானாக வந்து விழும். ஆரஞ்சு நிறத்தில் கொத்துமல்லி விதை அளவு இருக்கும். விழுகிற பாத்திரம் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். மேலே ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சி, கோழி இறகால் கலக்கி, அப்புறம்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் விந்துக்கு உயிர் வரும். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. முன்கூட்டியே ஈரம் பட்டுவிட்டால் அத்தனையும் பாழ்.

ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் சுமார் 2,000 முட்டைதான் தரும். நம் ரோகு கெண்டை ஒரு கிலோவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் தருகிறது. அதனால் டிரவுட் பொரிப்பகத்தில் ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு உண்டு.

வெள்ளை முட்டை பொறுக்கும் வேலை

முட்டைகளைத் தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி ஓடுகிற தண்ணீரில் வைப்பார்கள். வெளிச்சம் படக்கூடாது. அறை எப்போதும் இருட்டு. முதல் சில நாள் கழிந்தால், கருவில் கண் கறுப்பாகத் தெரிகிற வரைக்கும் தட்டை அசைக்கக்கூடக் கூடாது. ஒரு தட்டுத் தட்டினாலே செத்துவிடும். கண் தெரிந்துவிட்டால் அதைக் கண்முட்டை என்போம். அதன்பிறகு தைரியமாகக் கையாளலாம். ஈரத் துணியில் சுற்றி வேறு ஊருக்கே அனுப்பலாம்.

செத்த முட்டை பால் போல வெளுத்துவிடும். அதை அப்படியே விட்டால் பஞ்சு மாதிரி பூஞ்சணம் கட்டி, பக்கத்தில் இருக்கிற நல்ல முட்டையையும் பிடிக்கும். ஆகவே தினமும் குனிந்து உட்கார்ந்து வெள்ளை முட்டையைப் பொறுக்க வேண்டும். சீசனில் என் வீட்டுக்காரர் கைக்கு வேலை அதிகமாகிவிட்டால் நானும் கூட உட்கார்ந்து பொறுக்குவேன். பழகிய கை. அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு முட்டை பொறுக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு விரல் நம்முடையதா என்று சந்தேகம் வரும், அவ்வளவுதான்.

எத்தனை நாளில் பொரியும் என்று கேட்டால், அதற்குப் பதில் தண்ணீரிடம்தான் இருக்கிறது. 10 டிகிரி தண்ணீரில் 31 நாள். 7 டிகிரி என்றால் 48 நாள். 13 டிகிரி என்றால் 24 நாளில் பொரிந்துவிடும். நாளையும் சூட்டையும் பெருக்கிப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே தொகை வரும். முட்டைக்குத் தேவையான சூடு ஒரு மொத்தத் தொகை. அதைச் சிறுகச் சிறுக வாங்கினால் நாள் கூடும், வேகமாக வாங்கினால் நாள் குறையும். பொரிப்பகத்தில் காலையும் மாலையும் தண்ணீரின் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டை வைத்தே எந்தத் தட்டு எந்தக் கிழமை பொரியும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். ஒரு நாள் முன்பின் இருக்கும், அதற்கு மேல் தவறாது.

என் அடுப்படியிலும் இதே கதைதான். அந்தக் குளிரில் தயிர் உறையாது, இட்லி மாவு பொங்காது. உறை ஊற்றிய பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு ஓரத்தில் வைப்பேன். உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் துவரம்பருப்பு வேகவே வேகாது. குக்கர் வாங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் சாம்பார் சாம்பாராக இருந்தது.

ஆள் முகம் பார்க்காத நாட்கள்

திருவண்ணாமலையில் இரவு பஸ் ஏறினால் சேலம், கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி என்று மாறி மாறிப் போய், எமரால்டுக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து ஜீப் கிடைத்தால் ஜீப், கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். மளிகைச் சாமான் மாதத்துக்கு ஒரு தடவை. ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை பிடித்தால் நாள்கணக்கில் சூரியன் தெரியாது. மழை என்றால் சாதாரண மழை இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நம் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பங்கு அது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் நடக்கிற ரோட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே வாரக்கணக்கில் புது முகமே பார்க்க மாட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு வாசலில் கடமான் மேயும், காட்டுமாடு நிற்கும். பிள்ளையைத் தனியாக விட முடியாது. மார்கழியில் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் உப்புக் கொட்டியது போல இருக்கும். எமரால்டு பக்கத்துப் படுகர் குடும்பம் ஒன்று பழக்கமானது. அந்த அம்மா வரும்போதெல்லாம் முந்தானையில் கீரையும் உருளைக்கிழங்கும் கொண்டுவருவார். என் மகளைப் பெற்றெடுத்தபோது பத்தியச் சமையல் செய்து போட்டதும் அவர்தான். பேச்சு பாதி புரியும், பாதி புரியாது. ஆனாலும் அவர் வந்துவிட்டுப் போன நாள் எனக்குத் திருநாள்.

சத்தம் நின்ற ராத்திரி

பொரிப்பகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் தண்ணீர் சத்தம் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் மாதம் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. அப்புறம் அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

மகள் பிறந்த மறு வருஷம், கார்த்திகைக் கடைசி. இரண்டு நாளாக மழை. ராத்திரி பதினொரு மணி இருக்கும், திடீரென்று விழித்துக்கொண்டேன். மழை பெய்கிறது, ஆனால் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் இல்லை. மேலே தலைவாய்க்காலில் மண்ணும் இலைச் சருகும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரரும் கூட இருந்த ஒருவரும் மண்வெட்டி, டார்ச்சோடு மேலே ஓடினார்கள். போகும்போது, "தொட்டியைப் பார்த்துக்கோம்மா" என்றார்.

தண்ணீர் ஓடாவிட்டால் முட்டைக்கும் குஞ்சுக்கும் மூச்சு முட்டும். தொட்டியில் நிற்கிற தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துகொண்டே வரும். அந்த அறையில் மூன்று விதத் தொட்டி இருந்தது. ஒன்றில் பொரிந்து நாலைந்து நாளான குஞ்சு. அதற்குத்தான் மூச்சுத் தேவை மிக அதிகம். இன்னொன்றில் கண்முட்டை. மூன்றாவதில் ஒரு வாரத்து முட்டை. அதற்குத் தேவை குறைவு, ஆனால் அசைத்தால் சாகும். ஆக, மூன்றாவதை இருந்தபடி விட்டுவிட வேண்டும். முதலிரண்டுக்கும் காற்று கொடுக்க வேண்டும்.

மகளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டேன். மகன் போர்வைக்குள் உட்கார்ந்து லாந்தரைப் பிடித்துக்கொண்டான். சொம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, தொட்டியின் ஓரமாக ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினேன். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் காற்றைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். குஞ்சுத் தொட்டியில் இருபது சொம்பு, கண்முட்டைத் தொட்டியில் பத்து சொம்பு, மறுபடி குஞ்சுத் தொட்டி. கை மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு திரும்ப ஆரம்பிப்பேன். எத்தனை மணி நேரம் என்று அப்போது தெரியவில்லை. சத்தம் திரும்ப வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மேலேயிருந்து இறங்கி வந்த இருவரும் முழங்காலுக்கு மேல் சேறாக நின்றார்கள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வழக்கத்தைவிட அதிகமாக வெள்ளை முட்டை பொறுக்கினோம். ஆனால் குஞ்சு பெரும்பாலும் பிழைத்தது.

அந்த ராத்திரி லாந்தர் பிடித்த மகனுக்கு அடுத்த வருஷம் ஆறு வயது. தினமும் எமரால்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வழியில்லை. 2001 ஜூனில் அவனைத் திருவண்ணாமலையில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அழவில்லை. அவலாஞ்சிக்கு வந்து, வெள்ளை முட்டை பொறுக்க உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தோம். "யார் பெத்த குஞ்சுகளுக்கோ காவல் இருக்கோம், நம்ம பிள்ளை அங்க தனியா இருக்கு" என்று ஒருநாள் என் வீட்டுக்காரரே சொன்னார். அந்தச் சமயத்தில் மாமனார் நிலத்தைப் பார்க்கவும் ஆள் இல்லை. 2002 கோடையில் மூட்டை கட்டினோம்.

கீழே வந்த பிறகு

எங்களுக்கு இருப்பது ஒன்றே முக்கால் ஏக்கர். கேணிப் பாசனம், கொஞ்சம் மானாவாரி. அதில் ஒரு மூலையில் 10 சென்ட் பண்ணைக்குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் விட்டோம். இங்கே எல்லாமே தலைகீழ். கெண்டை முட்டை 28 டிகிரி தண்ணீரில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடுகிறது. மேலே ஒரு மாதம் காத்திருந்தவர்களுக்கு இது மந்திரம் மாதிரி இருந்தது.

இதுவும் சும்மா வந்ததில்லை. கட்லாவும் ரோகுவும் குளத்தில் தானாக முட்டை போடாது. முன்பெல்லாம் வெள்ளக் காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சு பிடித்துவந்துதான் வளர்த்தார்கள். 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். நம் சாத்தனூர் அணையை ஒட்டிய அரசு மீன் பண்ணையிலிருந்து நமக்குக் குஞ்சு கிடைக்கிறது என்றால் அதற்கு அந்த ஊசிதான் மூலகாரணம்.

அவலாஞ்சியில் கற்ற ஒன்று மட்டும் இங்கேயும் மாறவில்லை. மீன் வளர்ப்பது என்றால் தண்ணீரை வளர்ப்பதுதான். 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரி தண்ணீர் ஏழரைதான் தாங்கும். அதாவது நம் குட்டைத் தண்ணீருக்கு இயற்கையிலேயே மூச்சு குறைவு. ராத்திரியில் பாசியும் சேர்ந்து மூச்சு வாங்குவதால், விடியற்காலையில்தான் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அதனால் நான் குட்டையைப் பார்ப்பது காலை ஐந்தரைக்கு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைக்குத் தீவனம் கிடையாது. மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத்தில் கட்டி, தண்ணீரைக் குட்டையில் சிதறி விழ விடுவோம். ஒரு ஆவணி மாதம் நாலு நாள் மூடமாக இருந்தபோது இப்படித்தான் குட்டையைக் காப்பாற்றினோம். சொம்பால் செய்த வேலையை மோட்டார் செய்தது.

சரி, சால்மன் வளர்க்கலாமா?

முடியாது. குட்டையில் முடியவே முடியாது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டை போடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிற மீன். அலாஸ்காவில் படகிலோ சிறு விமானத்திலோ மட்டும் போகக்கூடிய இடங்களில் சால்மன் பொரிப்பகங்கள் இருக்கின்றன. குஞ்சைக் கடலில் விட்டுவிட்டு, அது வளர்ந்து திரும்பி வர வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். நார்வேயில் குளிர்ந்த கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். நம் பெரிய ஓட்டல்களுக்கு வருவது அப்படி இறக்குமதியாகிற மீன். நம் கடற்கரையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் சால்மனுக்குச் சொந்தம் இல்லை.

டிரவுட்டும் அப்படித்தான். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் தீனி எடுக்காது, 25-ஐ ஒட்டினால் உயிரோடு இருப்பதே கஷ்டம். நம் குட்டைத் தண்ணீர் சித்திரையில் 30-ஐத் தாண்டுகிறது. குளிர்ந்த ஓடை உள்ள காஷ்மீர், இமாசலம் போன்ற இடங்களில் விவசாயிகள் டிரவுட் வளர்க்கிறார்கள். தெலங்கானாவில் தண்ணீரையே இயந்திரம் வைத்துக் குளிரூட்டி, சுத்தம் செய்து, சுழற்றிவிட்டு வளர்க்கிற பண்ணை வந்திருக்கிறது. அது கோடிக்கணக்கில் முதல் போடுகிறவர்கள் வேலை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு ராத்திரியை வைத்து என்னால் சொல்ல முடியும்.

தீவனமும் பாருங்கள். கெண்டைக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போதும். டிரவுட் வேட்டை மீன். தீவனத்தில் நாற்பது சதத்துக்கு மேல் புரதம் கேட்கும்.

நகையை அடகு வைக்க இருந்தவரிடம் நான் ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். "நாளை மதியம் ரெண்டு மணிக்கு உங்க குட்டையில கையை விட்டுப் பாருங்க. அப்புறம் ஒரு பாத்திரத்துல ஐஸ் தண்ணி ஊத்தி அதுல கையை விட்டுப் பாருங்க. இந்த ரெண்டாவது தண்ணியை வருஷம் பூரா, நிக்காம, குட்டை முழுக்க ஓட விட உங்களால முடியுமான்னு பாத்துட்டு முன்பணம் குடுங்க." அவர் கொடுக்கவில்லை. இந்த ஆடியில் கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறார்.

குஞ்சு வாங்கும்போது கேளுங்கள்

எந்த மீன் குஞ்சு வாங்கினாலும் விற்கிறவரிடம் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். உழைத்துப் பொரித்தவர் பதில் சொல்லச் சலித்துக்கொள்ள மாட்டார்.

எந்தப் பண்ணையில் பொரித்தது, எத்தனை நாள் வயது என்று கேளுங்கள். மூன்று நாள் நுண்குஞ்சு மலிவு என்று வாங்கிப் பெரிய குட்டையில் விட்டால், தவளையும் பூச்சியுமே பாதியைத் தின்றுவிடும். சில மாதம் மட்டும் தண்ணீர் நிற்கிற குட்டைக்கு விரலளவுக் குஞ்சே நல்லது. ஏக்கருக்கு 4,000 என்பது மேல் எல்லை. எங்கள் 10 சென்டுக்கு 400-க்கு மேல் நான் விடுவதில்லை.

பொட்டலம் கட்டுவதற்கு முன் ஒருநாள் தீனி போடாமல் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள் கழிந்து, அந்தத் தண்ணீரிலேயே சாகும். முடிந்தால் நேரில் போய்த் தொட்டியைப் பாருங்கள். ஒரு வட்டத் தட்டில் குஞ்சோடு தண்ணீர் எடுத்து, விரலால் சுழற்றிவிடுங்கள். நல்ல குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். நலிந்தது ஓட்டத்தோடு போகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு, அல்லது விடிந்து சற்று நேரத்தில், பையை அவிழ்க்காமல் குட்டையில் மிதக்க விடுங்கள். கால் மணி நேரமாவது மிதக்கட்டும். பிறகு அவிழ்த்து, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விடுங்கள். ஒரு கை பைக்குள்ளும் ஒரு கை குட்டையிலும் இருக்கட்டும். இரண்டு கைக்கும் ஒரே சூடு தெரிகிறபோது பையைச் சாய்த்துப் பிடியுங்கள். குஞ்சு தானாகவே வெளியே நீந்திப் போகும்.